முகம் மறைக்கும் வேலை

பிர்னோவில் காலை எட்டு மணி.
காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு
கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஆண்ட்வெர்ப் அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறேன்.

அந்த ஊருக்கு நான் போனதில்லை.
ஆனால் அதன் ஏழாம் அறையில்
எந்தத் தரைப்பலகை விரிசல் விட்டிருக்கிறது
என்று கேளுங்கள், சொல்வேன்.

பார்வையாளர் வராத ஒரு திங்கட்கிழமை முழுக்க
சக்கரம் வைத்த கேமரா அங்கே சுற்றியது,
கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி
ஒரு மூலையையும் விடாமல்.
பிறகு ஒரு மென்பொருள் வந்து
முகம் என்று தோன்றியதையெல்லாம் மூடியது.
எது உயிர், எது எண்ணெய் வண்ணம்,
அதற்கென்ன தெரியும்?
புனிதர்கள் முகமிழந்தார்கள்.
மரியாளின் மடியில் குழந்தை இருந்த இடத்தில்
ஒரு மூட்டம்.
துணி வணிகர் பதினோரு பேர்
விருந்து மேசையைச் சுற்றி
பிடிபட்ட திருடர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.
ஒரு குதிரையும் தப்பவில்லை.
தட்டில் கிடந்த மீனை மட்டும் ஏனோ விட்டுவிட்டது.

திருத்துவது என் வேலை.
வரைந்த முகத்தைத் திற, வாழும் முகத்தை மூடு.
நாளொன்றுக்கு முந்நூறு.
ஒரு சொடுக்கில் ஓர் ஆயருக்குக் கண் திறக்கிறேன்.
யார்மேலோ வைத்த கோபம்
நாலு நூற்றாண்டு ஆகியும் ஆறாமல் இருக்கிறது.
அடுத்த சொடுக்கில்
ஏணிமேல் நின்று விளக்கு மாற்றும் பையனின் முகம் போகிறது.
பக்கத்து மேசை ராதிம் சொல்வான்:
"செத்தவர்களுக்கு வெட்கமில்லை, திறந்துவிடு."

பத்து மணிக்குக் காபி.
பத்தேகாலுக்கு ஏழாம் அறை, வடக்குச் சுவர்.

கண்ணாடி போட்ட சிறிய படம்.
வெள்ளை முக்காட்டுப் பெண்.
யாரென்று எவருக்கும் தெரியாது,
அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
மூட்டத்தை விலக்கிப் பார்த்தால்
அவள் கண்கள்மேல் இன்னொரு ஜோடிக் கண்கள்.

எதிர்ச்சுவர் ஓரமாய்
நாற்காலியில் இருந்த காவல்காரி
கண்ணாடியில் விழுந்திருக்கிறாள்.
தற்செயலா?
கேமரா வரும் நேரம் பார்த்துத்
தலையை அரை அங்குலம் சாய்த்துக்கொண்டாளா?
மூக்கோடு மூக்கு பொருந்தியிருந்தது.
இருவருக்கும் ஒரே வாய்.
திறந்தால் காவல்காரி தெரிவாள்,
மூடினால் படத்துக்காரி போவாள்.

விதிப்புத்தகம் அறுபத்திரண்டு பக்கம்.
பச்சை குத்திய கைக்கு விதி உண்டு,
கார் எண்ணுக்கு உண்டு,
ஜன்னலில் எட்டிப் பார்க்கும் நாய்க்குக்கூட ஒரு பத்தி உண்டு.
இதற்கு இல்லை.

படத்தை விட்டுத் திரும்பி
அவளை நேராகப் பார்த்தேன்.
கழுத்துக்கு மேல் மென்பொருள் போட்ட மூட்டம்.
அது மூட மறந்தவை:
சீருடைக்குக் கீழே பச்சைக் கம்பளிக் காலுறை,
பாதி கழன்ற வலது ஷூ,
மடியில் கைக்குட்டைக்கு அடியில்
தின்னக்கூடாத இடத்தில் உரித்த ஆரஞ்சு.
மார்பில் பெயர் அட்டை.
அதையும் மறைக்கச் சொல்கிறது நான்காம் விதி.
பெரிதாக்கினேன்.
கோடலீவ.
ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு
மறைத்தேன்.

கண்ணாடி முகத்துக்கு ராதிமைக் கூப்பிட்டேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
வெகுநேரம் பார்த்தான்.
"இது படத்திலேயே இருக்கிறது" என்றான்,
பொய் சொல்லிப் பழகியவனின் நிதானத்தோடு.
படிவத்தில் 'வரைந்த முகம்' என்று குறித்தேன்.
சொடுக்கினேன்.

இனி யாராவது
தூக்கம் வராத படுக்கையில்
விரலால் தள்ளித் தள்ளி ஏழாம் அறை வரைக்கும் வருவார்.
இந்தப் படம் மட்டும் ஏன்
இத்தனை களைப்பாகப் பார்க்கிறது என்று
ஒரு நொடி நிற்பார்.
நிற்காமலும் போகலாம்.

மறுநாள் எட்டாம் அறை.
நான்கு சுவரிலும் மீன்கள்:
சந்தையில், சட்டியில், எலுமிச்சைக்குப் பக்கத்தில்,
வாய் பிளந்து, எல்லாம் தெரிந்த முகத்தோடு.
திறக்க ஒன்றுமில்லை, மூட ஒன்றுமில்லை.
ராதிம் விசிலடித்தான்.
நான் கோட்டைக் கழற்றி
நாற்காலியில் மாட்டினேன்.